கொத்தின் நுனிப் பழத்திலிருந்து தொடங்குங்கள்

கம்பம் பக்கத்தில் என் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே திராட்சைதான். அறுப்புக்குத் தேதி கேட்டு வியாபாரி வந்தால், அப்பா பந்தலுக்குள் குனிந்து போவார். கொத்தின் மேல்பக்கம் கறுத்துப் பளபளவென்று இருக்கும் பழத்தைத் தொடவே மாட்டார். கீழே நுனியில் தொங்கும் கடைசிப் பழத்தைக் கிள்ளி வாயில் போடுவார். "மேல இருக்கிறது முன்னாடியே இனிச்சிரும். நுனி இனிச்சாத்தான் கொத்து பழுத்திருக்குன்னு அர்த்தம்" என்பார். அவர் முகம் சுளித்தால் வியாபாரி ஒரு வாரம் கழித்துத்தான் வரவேண்டும்.

கல்யாணமாகி மதுரைக்கு வந்து நாற்பது வருஷமாகிறது. வேதாகமத்தில் ஆவியின் கனியைப் பற்றிச் சொல்லும் கலாத்தியர் 5-ஆம் அதிகாரம் 22, 23 வசனங்களை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்பது விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். "அக்கா, வசனம் மனப்பாடமாத் தெரியுது, வாழ்க்கையில வரலையே, என்ன செய்யணும்?" என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்பதையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். புது வருஷ ஆராதனை முடிந்த கையோடு ஒன்பதுக்கும் தீர்மானம் எடுத்தவர்கள் பொங்கலுக்குள் சோர்ந்துவிடுகிறார்கள். முதல் வேலை, நுனிப் பழம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. சபையில், அலுவலகத்தில், விருந்தாளி முன்னால் நாம் காட்டும் முகம் கொத்தின் மேல்பக்கம். அங்கே எல்லாரும் இனிப்பாகத்தான் இருப்போம். நம்மை எதிர்த்துப் பேச முடியாதவர்களிடம் நாம் எப்படி இருக்கிறோமோ, அதுதான் நுனி. வீட்டில் பிள்ளை, படுக்கையில் கிடக்கும் பெரியவர், பாத்திரம் துலக்க வரும் அக்கா. இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என்கூட இருக்கிறதுல உனக்கு எது கஷ்டமா இருக்கு?"

நான் கேட்டது என் மகளிடம். அவளுக்கு அப்போது பதினாலு வயது. அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நீங்க ஜெபம் முடிச்சு எந்திரிச்சு வர்ற நேரந்தாம்மா எனக்குப் பயமா இருக்கும்."

காலையில் நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்பேன். எழுந்திருக்கும்போதே நேரமாகியிருக்கும். தண்ணீர் பிடிக்கவில்லை, சட்னி அரைக்கவில்லை, அத்தைக்குக் காபி போகவில்லை. அந்த அவசரம் முழுவதும் கத்தலாக வெளியே வரும். 'உனக்காகத்தானே ஜெபிக்கிறேன்' என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். நீங்கள் கேட்கும்போதும் இது ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள்: பதில் சொல்லாதீர்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். அவர்கள் சொன்ன வார்த்தையை மாற்றாமல் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் அந்த ஒன்பதில் எது இல்லாததால் அவர்களுக்கு அந்தக் கஷ்டம் என்று எழுதுங்கள். எனக்கு நீடியபொறுமை. இந்தப் பருவத்துக்கு உங்களுக்கு அது ஒன்று போதும். அந்த வசனத்தை எழுதின அப்போஸ்தலன் பவுல் 'கனிகள்' என்று எழுதவில்லை, 'ஆவியின் கனி' என்று ஒருமையில்தான் எழுதியிருக்கிறார். ஒரு பழம் பழுக்கத் தொடங்கினால் அந்தக் கொத்தே நிறம் மாறும்.

அடுத்தது ஆண்டவரில் நிலைத்திருப்பது. இதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். நான் தோட்டத்தில் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுத்துவிடும். வாழைத்தாரை வெட்டி மூட்டம் போடலாம். திராட்சை அப்படி இல்லை. பறித்த அன்றைக்கு எவ்வளவு புளிப்போ, அவ்வளவு புளிப்புத்தான் கடைசி வரைக்கும். வாடும், சுருங்கும், பழுக்காது. கொடியில் இருக்கும்வரைதான் அது இனிப்பாக முடியும். "கொடியானது திராட்சச்செடியில் நிலைத்திராவிட்டால் அது தானாய்க் கனிகொடுக்கமாட்டாததுபோல" என்று யோவான் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருந்த சீஷர்கள் திராட்சை விளையும் நாட்டுக்காரர்கள். அவர்களுக்கு இது சட்டென்று புரிந்திருக்கும். காலையில் ஒரு மணி நேரம் கொடியில் இருந்துவிட்டு, மீதி நாள் முழுவதும் தனியே பழுத்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் என் ஜெப நேரத்தைக் குறைத்தேன். இதைச் சொன்னால் சிலர் அதிர்ச்சியடைகிறார்கள். ஒரு மணி நேரத்தை இருபது நிமிஷமாக்கினேன். மீதியை அடுப்படிக்கு எடுத்துப் போனேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வாரத்துக்கு ஒரு வசனம் எழுதி, அடுப்புக்கு மேலே இருக்கும் ஓட்டில் ஒட்டுவேன். அரிசி களையும்போது அதைச் சத்தமாக ஒரு தடவை, குழம்பு கொதிக்கும்போது ஒரு தடவை. கோபம் நெஞ்சுக்கு ஏறும்போது நீளமாக ஜெபிக்க நேரம் கிடையாது. "ஆண்டவரே, இப்போ நீங்க பேசுங்க", அவ்வளவுதான். ராத்திரி விளக்கை அணைக்குமுன் ஐந்து நிமிஷம்: இன்றைக்கு என் நுனிப் பழத்தைத் தின்றது யார், அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வருஷத்துக்குள் வேதாகமம் முழுவதையும் வாசிக்கும் திட்டம் நல்லதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் இந்தப் பருவத்துக்கு யோவான் 15-இல் முதல் பதினேழு வசனமே போதும், மாதம் முழுவதும்.

எங்கள் ஊர்க் கிணறு ஊறுவது முல்லைப்பெரியாற்றால். மேற்கே ஓடவேண்டிய ஆற்றை மறித்து அணை கட்டி 1895-ல் முடித்தார்கள். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அந்தத் தண்ணீர் கிழக்கே வருகிறது, வைகையில் கலந்து மதுரைக்கும் வருகிறது. சின்ன வயதில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, நம் தோட்டம் இந்தப் பக்கம் இருக்கிறது, தண்ணீர் அந்தப் பக்கத்துத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்வேன். நம்மிடம் இல்லாத பொறுமையும் அப்படித்தான் வரவேண்டியிருக்கிறது.

இனி கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

பன்னீர் திராட்சைக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து உண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, அரைப் பரீட்சை லீவில் அப்பாவோடு போய் நின்றேன். ஒவ்வொரு கிளைக்கொடியாகப் பிடித்து, அடியிலிருந்து துளிர் வரும் கண்களை விரலால் தொட்டு எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலாவது கண்ணைத் தாண்டி ஒரு வெட்டு. நான் ஆசையாகப் பார்த்து வைத்திருந்த, பச்சைப் பசேலென்று கம்பி முழுக்க ஓடின நீளக்கொடி தரையில் கிடந்தது. சாயங்காலம் பந்தலில் நிழலே இல்லை. கல்தூணும் கம்பியும் ஆகாயமும்தான். மறுநாள் காலையில் போனால் வெட்டின முனையெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "கொடி அழுவுதுப்பா" என்றேன். அப்பா அந்தச் சொட்டை விரலில் ஏந்தி என்னிடம் காட்டினார். "வேர் உசிரோட இருக்குன்னு சொல்லுது" என்றார்.

காய்க்காத கொடியை வெட்டுவதில் யாருக்கும் வருத்தமில்லை. காய்த்த கொடியையும் வெட்டவேண்டும் என்பதுதான் கஷ்டம். இலை அடர்ந்துபோனால் உள்ளே வெயில் படாது, வெயில் படாத கண்ணில் கொத்து வராது. என் இலைகளை எண்ணினேன். பெண்கள் சங்கத்துச் செயலாளர், பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், அறுப்பின் பண்டிகை வந்தால் பலகாரக் கடை. எல்லாம் நல்ல காரியந்தான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்வி எழுதினேன்: இதை நான் விட்டால் நஷ்டம் யாருக்கு? மூன்றில் நஷ்டப்படுவது என் பெயர் மட்டும்தான். அந்த மூன்றையும் ஆயரிடம் நேரில் போய்ச் சொல்லி ஒப்படைத்தேன். ஓய்வுநாள் பள்ளியையும் வெள்ளிக்கிழமை ஜெபத்தையும் வைத்துக்கொண்டேன். "பின்மாறிப் போயிட்டா" என்று சிலர் பேசினார்கள். ஆறு மாதம் அது வலித்தது.

நீங்கள் செய்யும்போதும் நாலைந்து கண் விட்டுத்தான் வெட்டவேண்டும். அடியோடு வெட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த பருவத்துக்குக் கொத்து எங்கிருந்து வரும்?

இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். "கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்" என்ற வசனத்துக்கு அடுத்த வசனமே, "நான் உங்களுக்குச் சொன்ன உபதேசத்தினாலே நீங்கள் இப்பொழுதே சுத்தமாயிருக்கிறீர்கள்" என்பது. கிரேக்க மூலத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வேர்ச்சொல்தான். ஆகவே கவாத்து பண்ணும் கத்தரி முதலில் ஆண்டவருடைய வார்த்தை என்று நான் புரிந்துகொள்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "கர்த்தர் உங்களைக் கவாத்து பண்றார்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், சோறு கொண்டுபோய்க் கொடுங்கள். புருஷனிடம் அடி வாங்கும் பெண்ணிடம் நீடியபொறுமையைப் பற்றிப் பேசாதீர்கள். அவளை முதலில் பாதுகாப்பான இடத்துக்குக் கூட்டிப்போங்கள். இந்த இரண்டும் நம் சபைகளில் நடக்கின்றன. வசனத்தை இப்படிப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

எரு போடுவது சின்ன வேலை, உடனே செய்யக்கூடியது. மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனியைக் கொடுங்கள் என்று யோவான்ஸ்நானன் சொன்னபோது, ஜனங்கள் "அப்படியானால் நாங்கள் என்னசெய்யவேண்டும்" என்று கேட்டார்கள். லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது: இரண்டு அங்கி வைத்திருப்பவன் ஒன்றைக் கொடுக்கட்டும், ஆயக்காரர் கட்டளைக்கு மேல் வசூலிக்கவேண்டாம், போர்ச்சேவகர் சம்பளம் போதுமென்று இருக்கட்டும். எல்லாம் துணி, காசு, கூலி. நானும் அப்படி ஒன்றிலிருந்து தொடங்கினேன். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவுக்கு, அவர் தன் மகளின் பிரசவத்துக்குப் போன நாலு நாள் கூலியைப் பிடித்திருந்தேன். அதைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் லீவும் உண்டு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாலு நாள் கூலி எங்காவது இருக்கும். தேடிப் பாருங்கள்.

அப்புறம் காத்திருப்பது. கவாத்திலிருந்து அறுப்புக்கு ஏறக்குறைய நாலு மாதம். தினமும் போய்க் கொத்தை அமுக்கிப் பார்த்தால் பழம் கெட்டுப்போகும். மாதம் ஒரு தடவை நோட்டைப் பாருங்கள். 'கோபம் வந்ததா' என்று பார்க்கவேண்டாம், கோபம் வரத்தான் செய்யும். கத்தினதற்கும் மன்னிப்புக் கேட்டதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். எனக்கு முதல் மாதம் மூன்று நாள். பிறகு ஒரு ராத்திரி. பிறகு சோறு வடிப்பதற்குள். நடுவில் திரும்ப ஒரு வாரமும் ஆனது. கொத்தில் எல்லாப் பழமும் ஒரே நாளில் நிறம் மாறுவதில்லை.

அதற்கு அடுத்த வருஷம் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. ஒருநாள் கேப்பைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இடது கையால் டம்ளரைத் தட்டிவிட்டார்கள். சேலை முழுக்கக் கஞ்சி, கட்டில் விரிப்பில் கஞ்சி. கொல்லைப்புறக் குழாயில் சேலையை அலசிவிட்டு, அடுப்பில் மிச்சமிருந்ததை ஆற்றி எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, சூடா இருந்துச்சா? ஆத்திட்டேன்" என்றேன். வாயைத் திறந்தார்கள். பாதிக் கஞ்சி போன பிறகுதான் எனக்கே உறைத்தது, கோபம் வரவேயில்லை. அடக்கவும் இல்லை. அந்த நேரத்தில் அந்த வசனமும் ஞாபகத்தில் இல்லை. மகள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வந்து விரிப்பின் அந்தப் பக்கத்து நுனியைப் பிடித்தாள். இரண்டு பேருமாக மாற்றிப் போட்டோம்.

அறுப்பு முடிந்தால் மறுபடி கவாத்து, மறுபடி அதே கேள்வி, வேறொருவரிடம். முந்தாநாள் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ரெண்டு நாள் டைம் குடு, யோசிச்சுச் சொல்றேன்" என்றார். இன்றைக்கு ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். காபி கலந்துவிட்டேன். நோட்டை உள்ளேயே வைத்துவிட்டு, இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.