லீஸ் 80 வருடத்துக்குக் கீழே போக விடாதீர்கள்
இங்கிலாந்தில் லீஸ்ஹோல்ட் ஃபிளாட் (குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் உரிமை உள்ள வீடு) வைத்திருக்கிறீர்களா, முதலில் பத்திரத்தை எடுத்து லீஸ் தொடங்கிய தேதியைப் பாருங்கள். 1982-இல் தொடங்கிய 125 வருட லீஸ் என்றால் 2027-இல் மீதி 80தான். அதற்குக் கீழே ஒரு நாள் இறங்கிவிட்டாலும், லீஸை நீட்டிப்பதால் ஃபிளாட்டுக்குக் கூடும் மதிப்பில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு, அதாவது கட்டிடத்தின் நிரந்தர உரிமையாளருக்குப் போகும், இதற்குப் பெயர் 'மேரேஜ் வேல்யூ'வாம்! 2024 லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் இதை ஒழிக்கிறது, ஆனால் அந்தப் பிரிவு அமலுக்கு வந்துவிட்டதா என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

லீஸை நீட்டிக்க, ஃபிளாட்டை வாங்கி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 31-இல் போய்விட்டது. அப்புறம், ஃப்ரீஹோல்டர் தானாக வந்து லீஸை மலிவாக நீட்டித்துத் தருகிறேன் என்றால் உடனே தலையாட்டாதீர்கள். நீங்களே அவருக்குச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்தால் லீஸில் குறைந்தது 90 வருடம் கூடும், கிரவுண்ட் ரென்ட்டும் (அவருக்குக் கட்டும் நில வாடகை) பூஜ்யமாகும்.