கவிதையில் கருவும் வடிவமும்: புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், உயர்தரத்துக்குத் தமிழ் எடுத்திருக்கும் அக்காவின் மகள் கொப்பியோடு வந்து விறாந்தையில் இருந்தாள். "சித்தி, இந்தக் கவிதைக்குப் பாடுபொருளும் வடிவமும் எழுதியிருக்கிறன், ஒருக்காப் பாருங்கோ" என்றாள். பார்த்தேன். பாடுபொருளுக்கு ஒரு பந்தி. அதற்குக் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வடிவத்துக்கு ஒரு பந்தி: எதுகை உண்டு, மோனை உண்டு, உவமை உண்டு. எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கோடு என்னை உறுத்தியது. நல்ல கவிதையில் சொல்ல வந்ததும் சொன்ன விதமும் அப்படிப் பிரிந்து கிடக்காது. அன்று இருட்டும்வரை இரண்டு பேரும் கதைத்ததைத்தான் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். இலக்கணம் தெரியாதவர்களும் தொடங்கலாம். ஒரு கொப்பி, ஒரு பென்சில் போதும்.

படி 1: வாய்விட்டு வாசியுங்கள்

எடுத்த எடுப்பில் கருத்தைத் தேட வேண்டாம். சத்தமாக இரண்டு தரம் வாசியுங்கள். நாக்கு எங்கே ஓடுகிறது, எங்கே தடக்குகிறது, எந்தச் சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். அந்த இடங்களில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இதைப் பழக, நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ஆடிப்பிறப்புப் பாட்டே போதும். அது ஏற்கனவே நம் வாயில் இருக்கிறது.

ஆடிப் பிறப்புக்கு நாளை விடுதலை
ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே!
கூடிப் பனங்கட்டிக் கூழும் குடிக்கலாம்
கொழுக்கட்டை தின்னலாம் தோழர்களே!

வாசிக்கும்போதே கை தானாகத் தட்டும். ஆடி, கூடி என்று இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. கூடி, கூழ், குடிக்கலாம், கொழுக்கட்டை என்று முதலெழுத்து இனமாக வருவது மோனை. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆடி என்ற சொல்லுக்கு எதுகையாக நிற்பது எந்தச் சொல்? 'கூடி.' பாட்டு ஆடிப்பிறப்பைப் பற்றியது, பனங்கட்டிக் கூழைப் பற்றியது. ஆனால் ஒரு பெரிய பானை கூழை யாரும் தனியாக இருந்து குடிப்பதில்லை. சேர்ந்து இருப்பதுதான் அந்த நாளின் சந்தோசம். அந்தச் சொல்லைப் புலவர் வரியின் தலையில் வைத்து, ஆடியோடு சத்தத்தால் கட்டிவிட்டார். எதுகை இங்கே பாட்டின் கருவை நம் காதில் போடுகிறது.

படி 2: பாடுபொருள் வேறு, கரு வேறு

கவிதையில் கண்ணுக்குத் தெரிவது பாடுபொருள். அதை வைத்துக்கொண்டு கவிதை உள்ளூர எதை நினைக்கிறதோ அது கரு. இதைப் பழகுவதற்காக அன்றைக்கு நானே ஆறு வரி எழுதிக் கொடுத்தேன்.

கிணற்றடியில்
அம்மம்மாவின் வாளி.
கயிறு புதிது.
இழுத்தால்
கப்பிக்கு
அதே குரல்.

முதலில், என்ன இருக்கிறது, என்ன நடக்கிறது என்று சாதாரண வசனத்தில் சொல்லுங்கள்: கிணற்றடியில் ஒரு பழைய வாளி இருக்கிறது, கயிறு மாற்றியிருக்கிறார்கள், தண்ணீர் அள்ளும்போது கப்பி பழையபடி சத்தம் போடுகிறது. இதுதான் பாடுபொருள்.

இப்போது கரு. அக்காவின் மகள் "அம்மம்மாப் பாசம்" என்று எழுதினாள். அது தலைப்பு மாதிரி இருக்கிறது. எந்த அம்மம்மாக் கவிதைக்கும் பொருந்தும். கருவை ஒரு சொல்லில் எழுதாதீர்கள், ஒரு முழு வசனமாக எழுதுங்கள். வசனம் எழுதினால் வினைச்சொல் வேண்டும். வினைச்சொல் தேடும்போது யோசித்தே ஆக வேண்டும். கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அவள் இரண்டாவதாக எழுதியது இது: "ஆள் போன பிறகும் அவர் புழங்கிய பொருளுக்குள் அவருடைய சத்தம் இருக்கிறது." அம்மம்மா இறந்துவிட்டார் என்று கவிதையில் ஓரிடத்திலும் இல்லை. 'அதே' என்ற ஒரு சொல்லில் இருந்து அவள் அதை எடுத்துக்கொண்டாள். சரியான வாசிப்பு.

படி 3: 'கருப்பொருள்' என்ற சொல்லில் ஒரு வழுக்கல்

இன்றைக்குக் கரு, கருப்பொருள் என்று எதைச் சொல்கிறோமோ, தொல்காப்பியம் அதை அந்தப் பெயரால் சொல்லவில்லை. அங்கே கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்ற நிலத்தின் பொருள்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்ற ஒழுக்கங்கள்தான் உரிப்பொருள். நாம் கரு என்று தேடுவதற்குக் கிட்டத்தில் நிற்பது இந்த உரிப்பொருள். முதல், கரு, உரி என்ற மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்று தொல்காப்பியர் சொல்லி, உரியைக் கடைசியில் வைக்கிறார்.

இது நடைமுறையில் எங்கே உதவும் என்பதற்கு ஓர் ஈழத்துச் சான்று இருக்கிறது. சங்கத் தொகைகளில் ஈழத்துப் பூதன்தேவனார் பெயரில் 7 பாடல்கள் உண்டு. அவற்றில் ஒன்று குறுந்தொகை 189. வேலையாகப் புறப்படும் தலைவன் தேர்ப்பாகனிடம் சொல்கிறான்: இன்றே போய் நாளைக்கே திரும்பிவிடுவோம். குன்றிலிருந்து இறங்கும் அருவி மாதிரி வெண்தேர் விரையட்டும். இளம்பிறை போல ஒளிரும் சக்கரம், வானத்திலிருந்து விழும் கொள்ளி போலப் பசும்பயிரை அறுத்துக்கொண்டு போகட்டும். காற்று வேகத்தில் மாலைக்குள் சேர்ந்து, வளையல் அணிந்த அந்தச் சின்னப் பெண்ணோடு கூடி மகிழ்வோம்.

குன்றும் அருவியும் வருகின்றன என்று பார்த்துவிட்டு அவசரப்பட்டுக் குறிஞ்சி என்று எழுதத் தோன்றும். பாட்டின் திணையோ பாலை. ஏனென்றால் அதை நடத்துவது பிரிவு. அருவி உவமையாக வந்த பொருள். உரிப்பொருள் அல்லாதவை ஒன்றோடொன்று மயங்கி வரலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. புதுக்கவிதையிலும் இதே கவனம் வேண்டும். பனை வந்தால் ஊர்ப்பாசம், கடல் வந்தால் சோகம் என்று பொருளைக் கண்டவுடன் கருவை ஒட்டிவிடாதீர்கள்.

படி 4: ஒரு குறளை அசை பிரித்துப் பாருங்கள்

பயப்பட வேண்டாம், பத்து நிமிட வேலை. சொல்லின் இடப்பக்கத்தில் தொடங்குங்கள். குறிலில் தொடங்கி அடுத்த எழுத்து மெய்யாக இல்லாவிட்டால், இரண்டையும் சேர்த்து எடுங்கள்: அது நிரை. நெடிலில் தொடங்கினாலோ, குறிலுக்கு அடுத்து மெய் வந்தாலோ, சீரின் (இப்படி அசையாகப் பிரிக்கும் ஒவ்வொரு சொல்லின்) கடைசியில் ஒரு குறில் மிஞ்சினாலோ அது நேர். பின்னால் வரும் மெய்யை முன் அசையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்பாட்டுப் பெயர்களே கணக்கைச் சொல்லித்தரும்: தே-மா நேர் நேர், புளி-மா நிரை நேர், கூ-விளம் நேர் நிரை, கரு-விளம் நிரை நிரை.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

கற்/க: தேமா
கச/டறக்: கருவிளம்
கற்/பவை: கூவிளம்
கற்/றபின்: கூவிளம்
நிற்/க: தேமா
அதற்/குத்: புளிமா
தக: மலர் (கடைசிச் சீராகத் தனியே நிற்கும் ஒரு நிரை)

மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், விளத்தில் முடிந்தால் நேரில். ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், ஓரிடத்திலும் தவறாது. அதுதான் வெண்டளை.

சரி, கணக்கு முடிந்தது. இப்போது காது. முதலடியின் நான்கு சீரும் 'க'வில் தொடங்குகின்றன, முற்றுமோனை. படி, படி என்று அடுக்கிக்கொண்டே போகிறது. இரண்டாம் அடியில் அந்த 'க' அறுந்து 'நிற்க' வருகிறது. கற்க, நிற்க என்ற இரண்டு சொல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். முதலெழுத்து மட்டும் வேறு, மிச்சம் எல்லாம் ஒன்று. படித்ததற்கும் நடப்பதற்கும் உள்ள உறவைக் குறள் அந்த எதுகையிலேயே காட்டிவிடுகிறது. அப்புறம் 'தக' என்ற ஒரே அசையில் டக்கென்று நின்றுவிடுகிறது. மேற்கொண்டு பேச்சு இல்லை.

படி 5: வடிவம் மாறும் இடத்தில் நில்லுங்கள்

எனக்கு மிகப் பிடித்த படி இது. எந்தக் கவிதையிலும் ஒரு ஒழுங்கு இருக்கும், எங்கோ ஓரிடத்தில் அது மாறும். மாறும் இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தால், பெரும்பாலும் கருவும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

குறுந்தொகை 189க்குத் திரும்புவோம். "இன்றே சென்று வருதும் நாளை" என்று தொடங்கிய பிறகு முடுக, துமிப்ப, எய்தி, மணந்து என்று எச்சங்கள் (முடிவு பெறாத வினைகள்) ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடுகின்றன. "உவக்குவமே" என்ற கடைசிச் சொல்வரை முற்று இல்லை. மூச்சு விட இடமில்லை. தேரின் வேகத்தை வசன அமைப்பிலேயே வைத்திருக்கிறார். 7 அடிகளில் 6ஆம் அடியில் மட்டும் ஒரு சீர் குறைகிறது:

சின்னிரை வால்வளைக் குறுமகள்

மற்ற அடிகளில் நான்கு சீர், இதில் மூன்று. இந்தப் பாட்டின் யாப்பான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்திய அடி, முச்சீராக வருவது விதி, ஆகவே அந்தக் குறைவு இவர் கண்டுபிடித்தது அல்ல. ஆனால் அந்தக் குறைந்த அடியில் யாரை வைப்பது என்பது இவருடைய தெரிவு. தேரும் சக்கரமும் வேகமும் நாற்சீர் அடிகளில் ஓடி முடிய, அவள் மட்டும் ஓரடி முழுவதையும் எடுத்துக்கொண்டு நிற்கிறாள். வாய்விட்டு வாசித்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம் கேட்கும். இதை முதன்முதலாகக் கேட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

படி 6: யாப்பு இல்லாத கவிதைக்கும் வடிவம் உண்டு

புதுக்கவிதையில் சீர் எண்ண வேண்டாம். வரி எங்கே உடைகிறது, எங்கே முற்றுப்புள்ளி விழுகிறது, எந்தச் சொல் தனி வரியில் நிற்கிறது என்று பாருங்கள். வாளிக் கவிதையை உடைக்காமல் எழுதினால் இப்படி இருக்கும்: "கிணற்றடியில் அம்மம்மாவின் வாளி இருக்கிறது, கயிறு புதிது, இழுத்தால் கப்பிக்கு அதே குரல்." செய்தி ஒன்றும் குறையவில்லை. ஆனால் 'இழுத்தால்' என்ற சொல்லுக்குப் பிறகு இருந்த காத்திருப்பு போய்விட்டது. கயிற்றை இழுக்கிற அந்த ஒரு நொடி, வரி உடைந்த வெறுமையில்தான் இருந்தது. கப்பிக்குச் 'சத்தம்' என்று எழுதாமல் 'குரல்' என்று எழுதியதையும் கவனியுங்கள். முதல் எழுத்துப் பிரதியில் சத்தம் என்றுதான் இருந்தது.

புதிய வடிவத்தை வேண்டுமென்றே தெரிவுசெய்தவர்களும் நம் ஊரில் உண்டு. அளவெட்டியில் பிறந்த ஈழத்துக் கவிஞர் மஹாகவி (து. உருத்திரமூர்த்தி), ஆங்கிலத்தின் லிமரிக் என்ற ஐந்தடிக் கேலி வடிவத்தைத் தமிழ் ஓசைக்குக் கொண்டுவந்து குறும்பா என்று பெயரிட்டார்; 1966இல் அது நூலாக வந்தது. அத்தனை சின்ன வடிவத்துக்குள் ஒப்பாரியை வைத்தால் பொருந்தாது. எந்த விசயத்துக்கு எந்த வடிவம் என்று கேட்டுப் பழக அது நல்ல இடம்.

படி 7: இரண்டையும் ஒரே வசனத்தில் எழுதுங்கள்

"இக்கவிதையில் எதுகை, மோனை சிறப்பாக அமைந்துள்ளன" என்ற வசனத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். எந்தக் கவிதையைப் பற்றியும் எழுதக்கூடிய வசனம் அது. கோட்டை அழித்துவிட்டு, வடிவத்தின் ஓர் அம்சத்தையும் கருவின் ஒரு பகுதியையும் 'ஆல்', 'ஆக', 'போது' என்பவற்றால் கட்டுங்கள். உதாரணத்துக்கு: "ஆடி, கூடி என்ற எதுகையால் பண்டிகையும் ஒன்றுகூடலும் ஒன்றாகக் கேட்கின்றன." அல்லது: "அடிகள் விரைந்து ஓடி, தலைவி வரும் அடி மட்டும் முச்சீராகக் குறையும்போது, அவளே பயணத்தின் நோக்கம் என்பது காதில் விழுகிறது." இப்படி மூன்று வசனம் போதும், ஒரு பக்கம் நிரப்பத் தேவையில்லை.

பழகுவதற்கு ஒரு சின்ன வேலை. கொப்பியின் இடப்பக்கத்தில் வாளிக் கவிதையைக் கையால் எழுதுங்கள். வலப்பக்கத்தில் அதையே 'அதே குரல்' என்று தொடங்கி, 'அம்மம்மாவின் வாளி' என்று முடியுமாறு மாற்றி எழுதுங்கள். இரண்டையும் சத்தமாக வாசித்துவிட்டு, இரண்டுக்கும் கருவைத் தனித்தனி வசனமாக எழுதுங்கள். அக்காவின் மகளுக்கு இரண்டாவது கவிதையின் கரு வேறாக வந்தது. உங்களுக்கு என்ன வருகிறது என்று பாருங்கள்.