வண்டி ஓட்டுபவரை ஃபோனில் கூப்பிடாதீர்கள்

மாலை ஐந்து மணிக்குக் கொழும்பின் காலி வீதியில் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். இந்த வேகத்தில் ஃபோனைப் பார்த்தால் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு இங்கே ஓட்டுபவர்கள் பலருக்கும் இருக்கிறது. முதலில் கைவிடவேண்டிய நினைப்பு அதுதான். வீதி ஊரும்போதுதான் சனம் வாகனங்களுக்கு நடுவால் புகுந்து கடக்கிறது. வெள்ளவத்தையில் நிற்கும் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஒரு பள்ளிப் பிள்ளை எட்டி வைத்தால், பிரேக்கை மிதிக்க ஓரிரு விநாடிகளே கிடைக்கும். மணிக்கு 20 கிலோமீற்றரில் போனாலும் ஃபோனைப் பார்க்கும் இரண்டு விநாடிக்குள் வண்டி 11 மீற்றர் போய்விடும். மஞ்சள் கடவை ஒன்றை முழுதாகத் தாண்ட அது போதும். 50 கிலோமீற்றர் என்றால் அதே இரண்டு விநாடியில் ஏறக்குறைய 28 மீற்றர். அவ்வளவு தூரமும் வீதியைப் பார்க்காமல் ஓடியது.

கலர் லைட்டில் நிற்கும்போது மட்டும் பார்ப்பேன் என்பவர்களும் உண்டு. வண்டி நின்றாலும் மனம் உடனே வீதிக்குத் திரும்புவதில்லை. குரலால் ஃபோனையும் கார்க் கருவிகளையும் இயக்கும் சாரதிகளை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு இது: வேலையை முடித்த பிறகும் கவனச் சிதறல் 27 விநாடிகள் வரை நீடிக்கலாம். பச்சை விழுந்து, சந்தியைத் தாண்டி, அடுத்த கடவைக்கும் வந்து சேர அந்த நேரம் தாராளம்.

ஹேண்ட்ஸ் ஃப்ரீ பற்றிய நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. ஃபோனைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டு ஓட்டுவது இலங்கையில் சட்டப்படி குற்றம். அதனால் காதில் மாட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறோம். பொலிஸ்காரரிடம் அது உங்களைக் காப்பாற்றலாம், வீதியில் காப்பாற்றாது. ஓட்டும்போது ஃபோன் பாவிப்பவருக்கு விபத்து நேரும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஹேண்ட்ஸ் ஃப்ரீ அதைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்றும் சொல்கிறது. காரணம், பேச்சில் ஆழ்ந்தவரின் கண் முன்னால் உள்ளதைப் பார்க்கும், மூளை அதைப் பதியாது. பக்கத்து சீட்டில் இருப்பவருடன் பேசுவது வேறு. முன்னால் பஸ் குறுக்கே வந்தால் அவரும் பார்ப்பார், பேச்சை நிறுத்துவார். ஃபோனில் இருப்பவருக்கு அது தெரியாது, அவர் தொடர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த மறுமுனையில் இருப்பது பெரும்பாலும் நாம்தான். இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய கவலை. கொழும்பில் மாலை ஐந்து மணி என்றால் கோடைகாலத்தில் டொரொண்டோவில் காலை ஏழரை. கனடாவில் இருக்கும் அக்காவும் சித்தப்பாவும் வேலைக்குக் கிளம்புமுன் வட்ஸ்அப்பில் கூப்பிடும் நேரமும், இங்கே பம்பலப்பிட்டிச் சந்தி நெரியும் நேரமும் ஒன்றாக விழுகின்றன. வீட்டிலிருந்து "எங்க வாறீங்க? வரேக்க பாண் வாங்கிட்டு வாங்கோ" என்று ஒரு கோல். வேலைத்தலத்திலிருந்து இன்னொன்று. எடுக்காவிட்டால் கோபம், திரும்பத் திரும்ப ரிங். எடுத்தவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு, எடுக்க வைத்தவர் தப்பிக்க முடியாது. கூப்பிட்டவுடன் "ஓடிக்கொண்டிருக்கிறீங்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால், மேற்கொண்டு பேசாமல் வையுங்கள்.

செயலியில் ஓட்டோ பிடிப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஓட்டோ புறப்பட்ட மறுநிமிடமே "அண்ணா, எங்க நிக்கிறீங்க?" என்று கூப்பிடுகிறோம். அவர் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்தபடி பதில் சொல்கிறார். ஏறும் இடத்தைச் சரியாகக் குறித்து, ஒழுங்கையின் பெயரையும் அருகிலுள்ள கடையையும் முதலிலேயே எழுதி அனுப்பிவிட்டால் அந்தக் கோலுக்குத் தேவையே இருக்காது.

ஹெல்மெட்டுக்குள் ஃபோனைச் செருகிப் பேசுவது, இரண்டு காதிலும் பாட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுவது, ஓட்டியபடி ரோல்ஸ் சாப்பிடுவது: இவற்றை விளக்கவே தேவையில்லை, விட்டுவிடுங்கள். நடப்பவர்களும் திரையைப் பார்த்தபடி கடவையில் இறங்க வேண்டாம்.

பஸ்ஸில் சாரதி ஃபோனில் பேசினால் ஐம்பது பேரும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம். சிங்களம் தடுமாறுகிறதே என்று தயங்க வேண்டாம். நடத்துநரிடம் சாரதியின் ஃபோனைக் கைகாட்டினாலே புரியும். கேட்காவிட்டால் வாகன இலக்கத்தையும் வழித்தட இலக்கத்தையும் குறித்துக்கொண்டு இறங்கியபின் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

சொந்தமாக ஓட்டுபவர் சாவியைத் திருப்புமுன் வழியைப் போட்டு, பாட்டைத் தெரிவுசெய்து, ஃபோனின் ரிங் சத்தத்தை நிறுத்திப் பையிலோ பின்சீட்டிலோ வைத்துவிடலாம். கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் எடுக்கத்தான் மனம் வரும். "ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு எடுக்கிறேன்" என்று தானாகப் பதில் அனுப்பும் வசதி இப்போதைய ஃபோன்கள் பலவற்றில் உண்டு. உண்மையிலேயே அவசரமான கோலை எதிர்பார்த்தால், காலி வீதியில் பஸ் தரிப்பிடத்தில் ஓரங்கட்ட வேண்டாம். பின்னால் வரும் பஸ் நடுவீதியில் நிற்க, பயணிகள் அங்கேயே இறங்குவார்கள். கடற்கரைப் பக்கமாக மரீன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் திருப்பி, யாருடைய கேற்றையும் மறைக்காமல் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.