உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முன் இதைப் பாருங்கள்

கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முன், உங்கள் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஆதார் எண்ணும் அதனுடன் பதிவான மொபைலுக்கு வரும் ஓடிபியும் போதும், இரண்டு நிமிட வேலை.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும், மத்திய அரசின் பல உதவித்தொகைகளும் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகின்றன. ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம், கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக்கே போகும். பள்ளியில் படிக்கும்போது தொடங்கி மறந்துபோன கணக்காக அது இருந்தால், பணம் அங்கே கிடக்கும். கணக்கு முடங்கியிருந்தால் திரும்பியே போய்விடும். வங்கியில் ஆதார் கொடுத்திருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்குக் கொடுத்தது வேறு, மானியம் பெற இணைப்பது வேறு. அதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் எழுதித் தர வேண்டும். மாதம் ஆயிரம் என்பது பல பிள்ளைகளுக்குப் பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும்.

முதல் பட்டதாரிச் சலுகைக்கு இந்தச் சரிபார்ப்பு தேவையில்லை. அது கல்விக் கட்டணத்திலேயே கழிக்கப்படுகிறது. கல்விக் கடனும் அப்படித்தான், கட்டணத்தை வங்கியே கல்லூரிக்குச் செலுத்திவிடும்.