டர்போ டீசல் இஞ்சினுக்கு ஹெட் ஸ்டட் மாத்துறது எப்படி

பூஸ்ட் (டர்போ உள்ள தள்ளுற காத்தழுத்தம்) ஏத்தின டீசல் இஞ்சின்ல ஹெட் கேஸ்கெட், அதாவது பிளாக்குக்கும் மேல இருக்கற சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற சீல், போச்சுன்னா எல்லாரும் கேஸ்கெட்டத்தான் திட்டுவாங்க, ஆனா நிறைய நேரம் கேஸ்கெட் மேல தப்பே இருக்காது, அந்த பிரஷருக்கு போல்ட் இழுபட்டு ஹெட்டு லேசா தூக்கிக் குடுத்திருக்கும். கணக்கு போட்டுப் பாருங்க, 80 மில்லிமீட்டர் போர் (உள் விட்டம்) இருக்கற சிலிண்டர்ல பீக் பிரஷர் 160 பார்னா ஹெட்ட மேல தள்ளுற விசை கிட்டத்தட்ட 8 டன். அதே 200 பார் ஆச்சுன்னா 10 டன். அந்த சிலிண்டர சுத்தி இருக்கறது பெரும்பாலும் நாலே போல்ட், அதுலயும் நடுவுல இருக்கறது பக்கத்து சிலிண்டருக்கும் பங்கு.

அந்த போல்ட்டுக்கு பதிலா போடறதுதான் ஹெட் ஸ்டட், ரெண்டு முனைலயும் மரை இருக்கற கம்பி, அடி பிளாக்ல, மேல நட்டு. மொதல்ல இது உங்களுக்கு வேணுமான்னு பாருங்க. வண்டி கம்பெனி பவர்லயே ஓடுதுன்னா, இல்ல லேசா ஒரு டியூன்தான்னா, புது ஒரிஜினல் போல்ட்டே தாராளமா போதும். பெரிய டர்போ, பெரிய நாஸில், கம்மி ஆர்பிஎம்லயே முழு பூஸ்ட், டைமிங் முன்னாடி தள்ளின டியூன், இதெல்லாம் இருந்தாதான் ஸ்டட்டுக்கு அர்த்தம். வளைஞ்ச ஹெட்டயும் மோசமான டியூனையும் எந்த ஸ்டட்டும் சரி பண்ணாது.

இப்ப வர்ற ஒரிஜினல் போல்ட் முக்காவாசி, இழுபடுற எல்லை வரைக்கும் முறுக்குற வகை. உதாரணத்துக்கு வோக்ஸ்வேகன் 1.9 டிடிஐ ஏஎல்எச் இஞ்சின எடுத்துக்கங்க, 40 நியூட்டன் மீட்டர், அப்புறம் 60, அப்புறம் ரெண்டு தடவ 90 டிகிரி. அந்த கடைசி திருப்புல போல்ட் நிரந்தரமா நீண்டுரும், அதனாலதான் ஒரு தடவ கழட்டினா திரும்பப் போடக் கூடாதுங்கறாங்க. இன்னொரு சங்கதி, போல்ட்ட முறுக்கும்போது அது நீளவும் செய்யுது, முறுகவும் செய்யுது, பிளாக் மரையையும் தேச்சுக்கிட்டே போகுது. ஸ்டட் அப்படி இல்ல, பிளாக்ல சும்மா உக்காந்திருக்கும், மேல நட்டு மட்டும் நைஸ் மரைல சுத்தும், பெரும்பாலும் நேரா இழுக்கற விசைதான். மெட்டீரியலும் வேற. 10.9 கிரேடு போல்ட்னா இழுவிசை பலம் 1000 மெகாபாஸ்கல், ஏஆர்பி கம்பெனியோட ஏஆர்பி 2000ங்கற உலோகத்துல செஞ்ச ஸ்டட் 1500 கிட்ட வரும்.

வாங்கும்போது இஞ்சின் கோடு பாத்து அதுக்குன்னே வர்ற கிட் வாங்குங்க, மரை அளவு ஒத்துப்போகுதுன்னு வேற இஞ்சின் ஸ்டட்ட எடுத்து அட்ஜஸ்ட் பண்ணாதீங்க. ஸ்டட், நட்டு, வாஷர், லூப் (மரைக்கு தடவற வழவழப்பு பசை), முறுக்கு அளவு போட்ட பேப்பர் எல்லாம் ஒரே கிட்ல வரணும்.

பிரிக்கறதப் பத்தி ரொம்ப சொல்லல, சர்வீஸ் மேனுவல் பாத்து பண்ணுங்க. கேம், கிராங்க், டீசல் பம்ப் மூணையும் லாக் பண்ணாம டைமிங் பெல்ட்ல கை வைக்கக் கூடாது, டீசல்ல வால்வும் பிஸ்டனும் முட்டிக்க ஒரு பல் தள்ளினாலே போதும். இஞ்சின் முழுசா ஆறின பிறகு, டைட் பண்ற வரிசைக்கு தலைகீழா, வெளில இருந்து உள்ள, கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணுங்க, சூட்டோட ஒரே மூச்சுல கழட்டினா ஹெட்டு வளையும்.

இனிதான் நெஜமான வேலை. பிளாக்ல இருக்கற போல்ட் ஓட்டைய சுத்தம் பண்றதுல நீங்க காட்டுற பொறுமைலதான் இந்த முழு வேலையும் நிக்குது, ஸ்டட் எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் சரி. அடி மூடின ஓட்டைல ஆயிலோ கூலன்டோ தேங்கி நின்னா, மேல இருந்து திருகும்போது அது போறதுக்கு வழி இல்லாம பிளாக்கையே பிளந்துரும். அப்படி உடையலன்னாலும் தப்பான அளவு காட்டி ஏமாத்தும். கிளீனர் அடிச்சு, மெல்லிசா துணி சுத்தி தொடச்சு, கம்ப்ரஸர் காத்து ஊதி (கண்ணாடி போட்டுக்கங்க, கண்ணுலதான் வந்து தெறிக்கும்), திரும்ப ஒரு தடவ தொடச்சு துணி காஞ்சு வெளிய வர்ற வரைக்கும் விடாதீங்க. மரைல அழுக்கு இருந்தா மரை சுத்தம் பண்ற சேஸர் போடுங்க, வெட்டுற டேப் வேண்டாம், டேப் மரையோட மெட்டலையே எடுத்துரும், அப்புறம் மரை பலவீனமாயிரும். சில இஞ்சின்ல ஓட்டை வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ள போய் திறக்கும், அங்க மட்டும் மரைக்கு சீலன்ட் வேணும்.

ஹெட்டையும் பிளாக்கையும் பவர் டூல் பேடு போட்டு தேய்க்காதீங்க ப்ளீஸ். அதுலருந்து கொட்ற அலுமினியம் ஆக்சைடு தூள் ஆயில்ல கலந்தா பேரிங் காலி. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், கிளீனர், நேரம், இது போதும். அப்புறம் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சு ஃபீலர் கேஜ் விட்டு நீளவாக்குல, குறுக்க, மூலைக்கு மூலை பாருங்க. எல்லை மேனுவல்ல இருக்கும், பல ஹெட்டுக்கு 0.1 மில்லிமீட்டர்தான். தாண்டிருச்சுன்னா மட்டம் தட்டலாமான்னு மேனுவல பாருங்க, டிடிஐ மாதிரி சில டீசல் ஹெட்ட சீவக் கூடாது, மாத்தத்தான் வேணும்.

கேஸ்கெட் தடிமனையும் மறக்கக் கூடாது. டீசல்ல பிஸ்டன் பிளாக்குக்கு மேல எவ்ளோ எட்டிப் பாக்குதுன்னு டயல் கேஜ்ல அளந்து அதுக்கேத்த கேஸ்கெட் போடணும், ஏஎல்எச்ல 0.91ல இருந்து 1.00 மில்லிமீட்டர் வரைக்கும் ஒரு ஓட்டை, 1.10 வரைக்கும் ரெண்டு, 1.20 வரைக்கும் மூணு ஓட்டை போட்ட கேஸ்கெட், அந்த ஓட்டை தடிமனுக்கு அடையாளம். பிஸ்டன், ராட் எதுவும் மாத்தலன்னா பழைய கேஸ்கெட்ல எத்தன ஓட்டையோ அதே.

இப்ப மாட்டுறது. லொக்கேட்டிங் டவல் (ஹெட்ட சரியான இடத்துல உக்கார வைக்கற பின்) ரெண்டும் இடத்துல இருக்கான்னு பாத்துட்டு கேஸ்கெட், ஹெட்டு வைங்க. கார்ல இஞ்சின் உள்ளயே இருக்கும்போது நீள ஸ்டட் மேல ஹெட்ட தூக்கி இறக்க இடம் கெடைக்காது, அதனால ஹெட்ட வச்சிட்டு மேல இருந்து ஸ்டட்ட விடறதே வசதி. கையால திருகி அடில உக்காந்தா போதும், ஸ்டட் நுனில இருக்கற ஆலன் கீ ஓட்டை விரலால திருப்பறதுக்கு மட்டும்தான், அதுல லீவர் போட்டு முறுக்காதீங்க. வாஷர்ல சரிவு வெட்டின பக்கம் நட்ட பாத்து. நட்டு மரை, நட்டோட அடிப்பக்கம், வாஷர் மேல்பக்கம் மூணுக்கும் கிட்ல வந்த லூப் தாராளமா. வாஷருக்கு அடில, ஹெட்டுல படற பக்கம், காஞ்சே இருக்கட்டும், இல்லன்னா நட்டோட சேந்து வாஷரும் சுத்தும்.

லூப்புக்கு ஏன் இவ்ளோ சொல்றேன்னா, நீங்க ரெஞ்ச்ல போடற விசைல பத்துல ஒம்பது பங்கு உராய்வுக்கே போயிருது, மிச்சம் பத்துல ஒண்ணுதான் ஸ்டட்ட இழுக்குது. லூப் மாறினா உராய்வு மாறும், ரெஞ்ச் அதே நம்பர்ல கிளிக் ஆனாலும் புடிப்பு வேற. அதனால இஞ்சின் ஆயில் தடவிட்டு கிட் பேப்பர்ல இருக்கற நம்பர போடக் கூடாது, ஒரிஜினல் போல்ட்டோட 90 டிகிரி கணக்க ஸ்டட்டுக்கு சுத்தமா போடக் கூடாது, கிட் பேப்பர் நம்பர், கிட் லூப், அவ்ளோதான்.

நடுவுல ஆரம்பிச்சு வெளிய போற மேனுவல் வரிசைல, கடைசி அளவ மூணு சம பங்கா பிரிச்சு மூணு சுத்து வாங்க. ரெஞ்ச நிறுத்தாம ஒரே சீரா இழுங்க, பாதில நிறுத்தி திரும்ப இழுத்தா நின்ன உராய்வுலயே கிளிக் ஆயிரும். இன்னும் கொஞ்சம் போட்டா நல்லதுதானேன்னு பேப்பர தாண்டாதீங்க, கூடுதல் புடிப்பு போர வட்டத்துலருந்து கோணலாக்கும். போர் ஹோன் பண்ற (உள்சுவர தேச்சு சீராக்கற) வேலையும் சேந்து இருந்தா, அதே ஸ்டட்டோட டார்க் பிளேட் (ஹெட்டுக்கு பதிலா முறுக்கற தடிமனான தகடு) மாட்டி ஹோன் பண்ணச் சொல்லுங்க. முடிஞ்சதும் ஸ்டட் நுனி நட்டுக்குள்ள முழுசா வந்திருக்கான்னும், வால்வு கவர் எங்கயும் முட்டலையான்னும் பாருங்க.

ஹெட்ட கழட்டாமலே ஒவ்வொண்ணா மாத்தலாமா? கேஸ்கெட் நல்லா இருக்கற இஞ்சின்ல நிறைய பேர் பண்றாங்க, ஆறின இஞ்சின்ல ஒரு போல்ட் எடுத்து, ஓட்டைய உறிஞ்சி சுத்தம் பண்ணி, ஸ்டட் போட்டு முறுக்கிட்டு அடுத்ததுக்கு போவாங்க. ஆனா ஓட்டை அடிய கண்ணால பாக்க முடியாது, எனக்கு அந்த ஒரு காரணமே போதும், ஹெட்ட எடுத்துத்தான் பண்ணச் சொல்லுவேன். கேஸ்கெட் ஏற்கனவே லீக்னா இந்த வழி பத்தி யோசிக்கவே வேண்டாம்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கையால கிராங்க ரெண்டு முழு சுத்து சுத்தி எங்கயும் முட்டலன்னு பாருங்க, கூலன்ட்ல காத்து எடுங்க. மொத கொஞ்ச நாள் முழு பூஸ்ட் வேண்டாம். ரீடார்க், அதாவது திரும்ப முறுக்கறது, கிட் பேப்பர் சொன்னா மட்டும், அதுவும் ஆறின இஞ்சின்ல, ஒரு நட்ட லூஸ் பண்ணி லூப் போட்டு திரும்ப முறுக்கிட்டு அடுத்தது, சும்மா ரெஞ்ச் வச்சு கிளிக் கேக்கறது எதையும் சொல்லாது. ராத்திரி முழுக்க நின்ன வண்டில காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மேல் ஓஸ அமுக்கிப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தா உள்ள கேஸ் ஏறுதுன்னு அர்த்தம், தளதளன்னு இருந்தா அடுத்த லெவல் பூஸ்டுக்கு போகலாம்.