கவுனி அரிசி ஊறிய நீரைக் கொட்டாதீர்கள்

கவுனி அரிசி எனும் கருப்பரிசியில் இனிப்பு செய்ய, அதை ஊறவைப்பதற்கு முன்பே நன்றாகக் கழுவிவிடுங்கள். இரவு முழுவதும் ஊறிய பின் அந்த நீரிலேயே குக்கரில் வேகவையுங்கள். செட்டிநாட்டுப் பந்தியில் இந்த இனிப்புக்கு மரியாதையே அதன் கருஞ்சிவப்பு நிறத்தால்தான். அதைத் தருவது தவிட்டிலுள்ள ஆந்தோசயனின். நாவல் பழத்தில் இருப்பதும் அதே வகை நிறமி. நீரில் கரையக்கூடியது என்பதால், ஊறிய நீரைக் கொட்டினால் பாதி அழகு சாக்கடைக்குப் போய்விடும். தவிடு நீக்காத அரிசி ஊறாமல் எளிதில் வேகாது, எரிவாயுதான் தீரும். சர்க்கரையை வெந்த பிறகே சேருங்கள். முன்பே போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும்.

கோடையில் ஊறிய நீர் புளித்த வாடை அடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். கவுனி அவலுக்கு இந்த வழி வேண்டாம், குழைந்துவிடும்.