பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தினம் ஓட்ட வாங்கலாமா?

பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் வண்டிக்கு அடியில் படுங்கள். நான் படுக்காமல் வாங்கியவன். சேஸியை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்றால் சரி. அமுங்கினால் உள்ளே துரு தின்றிருக்கிறது, எழுந்து வந்துவிடுங்கள். இன்ஜினைக்கூட மாற்றிவிடலாம், துரு தின்ற சேஸியை அப்படி எளிதில் மாற்ற முடியாது.

அப்புறம், ஈரமண்ணில் நான்கு சக்கரத்தையும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். காய்ந்த தார்ச்சாலையில் வேண்டாம்: நடு டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகளைத் தனித்தனி வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு) இல்லாத வண்டி திரும்பும்போது முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகம் கேட்டு முறுக்கிக்கொள்ளும்.

1960-இல் வந்த டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 40 வரிசை போன்றவற்றில் ஏர்பேக் கிடையாது. குழந்தைகளோடு தினமும் நெடுஞ்சாலையா? வேண்டாம் என்றே சொல்வேன். மற்றபடி, ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களுக்கு இன்னொரு வண்டி இருக்கிறதா? எனக்கு இல்லை, பேருந்தில்தான் போனேன்.